மூன்றாம் வாசலில் ராதோய்

“லாடம்டா. குதிரை லாடம். சாவு நோட்டீஸ்ல எவனாவது லாடம் போடுவானா?”

“லாடத்தை விடுங்கக்கா. அதுக்குக் கீழ பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாருங்க. ‘பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.’”

“எதுக்கு, சாகுறதுக்கா?”

கெனாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பாஸ்கா முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டு நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கம் திரும்பினான். அவனுடைய கடை ஆற்றங்கரைத் தெருவில், கோத்வா கால்பந்துக் கழகத்தின் மைதானத்துக்கு நேர் எதிரே இருந்தது. பெலி ப்ரோத் ஊரில் யார் இறந்தாலும் நோட்டீஸ் அவனிடம்தான் அச்சாகும். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. கறுப்புக் கட்டம், நடுவில் படம், கீழே குடும்பத்தாரின் பெயர். வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் இறந்தவர் வேலை பார்த்த இடத்தின் வாசலிலும் ஒட்டுவார்கள். மழையில் ஊறித் தானாக விழும்வரை அதை யாரும் தொடுவதில்லை.

ஸ்பாஸ்கா தொட்டது மட்டுமில்லை, மைதானத்து வாசலிலிருந்து நகத்தால் சுரண்டிக் கிழித்துக்கொண்டே வந்துவிட்டார். ஓய்வு பெறும்வரை மின்பேருந்து ஓட்டியவர். கைகளில் இன்னும் பலம் இருந்தது.

மேசைமேல் விரித்துக் கிடந்த தாள் வழவழப்பானது, தலைநகரில் அச்சடித்தது. கறுப்புக் கட்டத்துக்குப் பதிலாகக் கழகத்தின் நீலம். நடுவில் ராதோய் கல்பகோவ், இருபத்தைந்து வயதில், சுருட்டை முடியோடு, இடது காலை ஓங்கிய நிலையில். ‘கோத்வாவின் அழியாப் புதல்வர் மறைந்து ஓராண்டு. இறுதி நாள்வரை அவரைத் தன் மார்போடு அணைத்திருந்தது அவருடைய கழகம்.’ வலது மூலையில், கழகத்துக்குப் பணம் கொடுக்கும் பந்தயக் கம்பெனியின் பச்சை லாடம்.

“மார்போடயாம்,” என்றார் ஸ்பாஸ்கா. “உள்ளயே விடல. மார்போடயாம்.”

கதவோரம் வெலிசார் நின்றிருந்தார். மைதானத்தின் மூன்றாம் வாசலில் சீட்டுப் பார்ப்பது அவர் வேலை, முப்பத்திரண்டு வருஷமாக. கழகம் கொடுத்த மேலங்கியின் மார்பிலும் அதே லாடம் தைத்திருந்ததால், கடைக்குள் நுழையும்போதே அதைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். டிசம்பர் குளிர் கதவிடுக்கு வழியாக முதுகில் ஏறியது. அவர் நகரவில்லை.

நடந்தது ஊருக்கே தெரியும். ஆற்றோரம் இருந்த பயிற்சித் திடலைக் கழகத்தின் புது முதலாளி கர்சேவ் ஒரு பேரங்காடிக்கு விற்றான். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் ராதோயிடம் போய் மைக்கை நீட்டினார்கள். கப்பல் பட்டறை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் சுமந்து நிரவிய திடல் அது, நானும் சுமந்தேன், விற்பதற்கு இவன் யார் என்று அவர் கேட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரம், எல்லா ஆட்டத்துக்கும் இலவசமாக உள்ளே போகக் கழகம் கொடுத்திருந்த அவருடைய ஆயுள்கால அட்டை ரத்தானது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை மூன்றாம் வாசலுக்கு வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டார். மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற ரயில் மேட்டில் ஏறி நின்று ஆட்டத்தைப் பார்த்தார். டிசம்பரில் இதயம் நின்றுபோனது.

திருப்பி அனுப்பியது யார் என்பதற்கு ஸ்பாஸ்கா ஒரு கதை வைத்திருந்தார். தலைநகரிலிருந்து கர்சேவ் கூட்டிவந்த கறுப்புச் சட்டைத் தடியன். மது விடுதியில் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லத் தடியன் இருவரானான். வசந்த காலம் வருவதற்குள் நால்வராகி, அதில் ஒருவன் ராதோயின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளவும் தள்ளினான். ஒவ்வொரு முறையும் வெலிசார் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூடத் திருத்தவில்லை. அன்றைக்கு மூன்றாம் வாசலில் கறுப்புச் சட்டைக்காரர் யாருமில்லை. வெலிசார் மட்டும்தான் இருந்தார்.

“நம்ம நோட்டீஸ் நாம ஒட்டுவோம்,” என்றார் ஸ்பாஸ்கா. “கறுப்புக் கட்டம் போட்டு. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வர்ற ஒவ்வொருத்தனும் அதைப் படிச்சுட்டுத்தான் உள்ள போகணும். கெனாதி, எழுது.”

எழுதுவது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் வரியிலேயே சண்டை. தலைநகர் அணிக்கு எதிராக ராதோய் கார்னரிலிருந்து நேராக அடித்த கோலைப் போட வேண்டும் என்றார் ஸ்பாஸ்கா. மழை, முழங்கால்வரை சேறு, பந்து ஈரத்தில் பாறாங்கல் மாதிரி கனக்கிறது. அந்தப் பந்து அரைவட்டம் போட்டுத் தூரத்துக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கோல்கீப்பரின் கையில் பட்டுப் போனதாகத்தான் தன் அப்பா சொன்னார் என்றான் கெனாதி. அவன் அப்போது பிறக்கவில்லை.

“உங்கப்பன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. மாமியார் வீட்டுல முட்டைக்கோஸ் ஊறப் போட்டுக்கிட்டிருந்தான். நான் இருந்தேன். ஆட்டம் முடிஞ்சு என் வண்டியிலதான் வீட்டுக்குப் போனான் ராதோய். தலையெல்லாம் சேறு. சீட்டு வேணாம்யா உனக்குன்னு சொல்றேன், கேக்கல. வாங்கி, அவனே பஞ்ச் அடிச்சு, அதை எங்கிட்டயே காட்டுறான். ஊரே தோள்ல தூக்கிட்டு வந்த மனுஷன். கம்பியைப் புடிச்சுட்டு நின்னுக்கிட்டே வந்தான்.”

சொல்லும்போதே அவர் குரல் கரகரத்தது. கரகரத்ததில் அவருக்கே கோபம் வந்து, மேசையை ஒரு தட்டுத் தட்டினார். சீட்டில்லாமல் பேருந்தில் ஏறாத மனுஷனைச் சீட்டில்லை என்று துரத்தியிருக்கிறார்கள். அதை எழுது முதலில். ‘கர்சேவின் அடியாட்கள் நால்வர் மூன்றாம் வாசலில் அவருடைய நெஞ்சில் கைவைத்துத் தள்ளினர்.’

“தள்ளல,” என்றார் வெலிசார்.

இருவரும் திரும்பினார்கள்.

“யாரும் தள்ளல அக்கா. மெஷின் அட்டையை எடுக்கலன்னு சொன்னாங்க. அவரு திரும்பிப் போயிட்டாரு.”

“அது இன்னும் கேவலம்,” என்றார் ஸ்பாஸ்கா. “எவன் சொன்னான்? மூஞ்சியைப் பார்த்தியா நீ?”

வெலிசார் கக்கத்திலிருந்த மேலங்கியை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். அப்போது கெனாதி, தெரிந்தோ தெரியாமலோ, வேறொன்றைக் கிளப்பி அவரைக் காப்பாற்றினான். என்ன எழுதினாலும் கீழே குடும்பத்தின் பெயர் வேண்டும், அது இல்லாத நோட்டீஸைத் தான் அச்சடிக்க முடியாது என்றான். குடும்பத்துக்குச் சொல்லாமல் ஒட்டினால் கர்சேவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஸ்பாஸ்கா ஒத்துக்கொண்டார். ராதோயின் மனைவி தோன்காவிடம் போய்ச் சம்மதம் வாங்கிவர வேண்டும். ஸ்பாஸ்கா போக முடியாது. அடக்கத்தன்று கர்சேவ் அனுப்பியிருந்த பூங்கொத்தை எண்ணிப் பார்த்து, இருபத்தொன்று இருந்ததால், ஒற்றைப்படையில் பூக் கொண்டுவர இது என்ன கல்யாணமா என்று கல்லறையிலேயே கத்தி, ஒரு பூவைப் பிடுங்கிக் காலடியில் போட்டு மிதித்தவர் அவர். பாதிரியார் ஜபத்தை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

“நீ போ, வெலி. உன்னை அவளுக்குப் பிடிக்கும்.”

அது உண்மை. அதுதான் தொல்லையும்.

ஒரு வருஷமாக வெலிசார் தோன்காவின் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒழுகும் குழாயை மாற்றினார். குளிர் வருமுன் ஜன்னல் இடுக்குகளை அடைத்தார். பலகாரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாமல் ஓடிவந்தார். ஸ்பாஸ்கா சொன்னபடியே கெனாதி எழுதிய கையெழுத்துப் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே தெருக்களில்தான் இப்போதும் நடந்தார். ஆற்றில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. அதற்குள் கப்பல் பட்டறையின் பாரந்தூக்கிகள் கழுத்து மட்டும் தெரிய நின்றன. எதிரில் வந்த மூன்று பேர் அந்த லாட நோட்டீஸைப் பற்றி அவரை நிறுத்திக் கேட்டார்கள். மூவருக்கும் கொதிப்பு. ஒருவர், வெட்கமில்லையா உங்க ஆபீஸ்காரனுங்களுக்கு என்று அவர் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினார். வெலிசார் தானும் திட்டினார்.

அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை புது இயந்திரம் வந்து இரண்டாவது வாரம். அட்டையைக் காட்டினால் பச்சை எரியும், சுழல் கம்பி திறக்கும். ராதோயின் அட்டைக்குச் சிவப்பு எரிந்து, அது கத்தியது. அவர் இன்னொரு முறை வைத்தார். மறுபடி கத்தியது. ஆட்டம் தொடங்கப்போகும் நேரம், பின்னால் வேறு யாருமில்லை. ரத்தான அட்டைகளின் பட்டியல் வெலிசாரின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒட்டப்பட்டிருந்தது. அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

“அண்ணே, அட்டை எடுக்கல,” என்றார் வெலிசார்.

“எடுக்கலன்னா கதவைத் திற. நாப்பது வருஷமா அட்டையைப் பார்த்தா என்னை உள்ள விட்டீங்க?”

கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கதவு இருந்தது. அதன் சாவி வெலிசாரின் இடுப்பில் தொங்கியது. அவர் சாவியைத் தொடவில்லை. மெஷின் அண்ணே, மெஷின் விடமாட்டேங்குது என்று இரண்டு முறை சொன்னார். ராதோய் அவரைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். உனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டார். நாலு என்றார் வெலிசார். சரி என்று சொல்லிவிட்டு ராதோய் ரயில் மேட்டை நோக்கி நடந்தார். மழை பிடித்த பிறகும், ஆட்டம் முடியும்வரை அந்தச் சாம்பல் நிறத் தொப்பி கூண்டிலிருந்து தெரிந்துகொண்டே இருந்தது.

தோன்காவின் வீடு நான்காம் மாடியில். கட்டடத்தின் நுழைவுக் கதவில் தோன்கா தன் கையால் ஒட்டிய நோட்டீஸ் இருந்தது, கெனாதி அச்சடித்த சாதாரணத் தாள். படத்தில் ராதோய்க்கு எழுபது வயது. கணவர், தந்தை, வெல்டர் என்று போட்டிருந்தது. கால்பந்து என்ற சொல்லே அதில் இல்லை. இத்தனை நாள் வெலிசார் அதைக் கவனிக்கவில்லை.

உள்ளே, சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, சனிக்கிழமை வருஷக் காரியத்தில் இறந்தவர் நினைவாக எல்லோருக்கும் பகிர்வதற்கு அவித்த கோதுமையைப் பரப்பிக் காயவைத்திருந்தார் தோன்கா. நீராவி வாசனை இன்னும் போகவில்லை. வெலிசாரை உட்காரச் சொல்லி, கேட்காமலேயே அவர் முன்னால் ஒரு கிண்ணம் வால்நட்டும் சுத்தியலும் வைத்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து, நோட்டீஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார்.

“நாலு பேரா?” என்றார். “அவருக்குப் பெருமையா இருந்திருக்கும்.”

“ஸ்பாஸ்கா அக்கா கோவத்துல சொன்னது அண்ணி. வெட்டிடலாம்.”

“அவளுக்குக் கோவம்தான் எப்பவும். பூவை மிதிச்சா. சரி, இன்னைக்கு எதுக்குக் கோவம்? லாடத்துக்கா?”

லாடத்துக்கும், மார்போடு அணைத்த பொய்க்கும் என்று வெலிசார் விளக்கினார். ஊரே கொதிக்கிறது என்றார். தோன்கா கோதுமையைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டார்.

“அன்னைக்கு உள்ள எத்தனை பேர் இருந்தீங்க?”

“எண்ணூறு இருக்கும்.”

“அவர் மேட்டுல நின்னது தெரிஞ்சுதா?”

“கிழக்குப் பக்கம் இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சுது அண்ணி. ஸ்பாஸ்கா அக்காதான் முதல்ல பார்த்தாங்க. அவர் பேரைச் சொல்லிப் பாட ஆரம்பிச்சாங்க. எல்லாரும் பாடினோம். பத்து நிமிஷம்.”

“கேட்டுச்சாம். நல்லாப் பாடினாங்கன்னு சொன்னார்.” தோன்கா கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை பேர் வெளிய வந்து அவர் பக்கத்துல நின்னீங்க?”

வெலிசார் இன்னொரு வால்நட்டை எடுத்துச் சுத்தியலால் உடைத்தார்.

“இடைவேளையில? ஒருத்தன், ஒரே ஒருத்தன், அந்த மேட்டுல ஏறி ஒரு சூரியகாந்தி விதைப் பொட்டலம் கொண்டுபோய்க் குடுத்தானா? காசு குடுத்து வாங்கின இருக்கையை விட்டா வேற எவனாவது உக்காந்துடுவான்னு பயம். இப்ப லாடத்துக்குக் கொதிக்கிறாங்களாம். லாடம் அவரை என்ன பண்ணுச்சு? நீங்க எண்ணூறு பேரும் பாட்டு பாடினீங்க. அவர் மழைக் கோட்டு இல்லாம நனைஞ்சுட்டு வந்தார்.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அடுப்படியில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. வெலிசார் எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு, அங்கிருந்தபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கறுப்புச் சட்டைக்காரன் யாரும் இல்ல அண்ணி. நான்தான். சாவி என்கிட்ட இருந்துச்சு.”

திரும்பிப் பார்த்தபோது தோன்கா மேசையோரம் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஒரு பிடி கோதுமை.

“நான் கேட்டேன் அவர்கிட்ட,” என்றார். “எவன் விடமாட்டேன்னான்னு கேட்டேன். மெஷின்னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. நானும் மெஷின்னே நினைச்சுட்டிருந்தேன்.” கோதுமையைத் துணிமேல் உதிர்த்தார். “நீ ஒரு வருஷமா இந்த வீட்டுக்கு வர்ற. என் குளியலறைக் குழாய்க்குக் கீழ படுத்துக் கிடந்திருக்க. அப்பல்லாம் உன் வாய் எங்க போச்சு, வெலி?”

இதற்காகத்தான் பலகாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை என்று சொல்ல நினைத்தார். சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பதில், வழியெல்லாம் நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னார். நால்வர் என்ற வரியை வெட்டிவிட்டு நோட்டீஸில் தன் பெயரைப் போட வேண்டும். மூன்றாம் வாசல் வெலிசார் ஸ்தோயேவ் திருப்பி அனுப்பினார் என்று, ஊர் படிக்கும்படி. அண்ணி ஒரு கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே அச்சடித்து ஒட்டிவிடலாம்.

“போட்டா?” என்றார் தோன்கா. “பாதிப் பேர் உன்னை அடிக்க வருவான். மீதிப் பேர் உண்மையைச் சொன்ன மனுஷன்னு உனக்கு ஒரு கிளாஸ் ஊத்துவான். ரெண்டும் உனக்கு. அவருக்கு என்ன அதுல?”

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்துவந்து வால்நட் கிண்ணத்தின் பக்கத்தில் போட்டார். கழகத்தின் அழைப்பிதழ், அதிலும் லாடம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் பிரமுகர் வாசல் வழியாக வந்து, மைதான நடுவில் முதலாளி கர்சேவ் கையால் பூங்கொத்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். படம் எடுப்பார்களாம். காலையில்தான் வெலிசாருக்கும் மற்ற வாசல்காரர்களுக்கும் ஆபீஸில் உத்தரவு போட்டிருந்தார்கள். வெளியார் நோட்டீஸ் ஒன்றுகூட ஒட்டவிடக் கூடாது. மெழுகுவர்த்தி, கோதுமைப் பாத்திரம், ராதோய் படம் எதுவும் உள்ளே வரக் கூடாது. விடுகிறவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அதை இப்போது தோன்காவிடம் சொல்லவேண்டிவந்தது. சொன்னார். வெலிசாரின் ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருந்தது.

தோன்கா கேட்டுக்கொண்டார். நோட்டீஸை நான்காக மடித்து அழைப்பிதழ் உறைக்குள் செருகினார். எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

“சனிக்கிழமை காலையில கல்லறையில காரியம் முடிச்சுட்டு, ரெண்டரை மணிக்கு நான் மூணாம் கேட்டுக்கு வருவேன்,” என்றார். “பிரமுகர் வாசலுக்குப் போகமாட்டேன். டிக்கெட்டும் வாங்கமாட்டேன். கையில கோதுமைப் பாத்திரம் இருக்கும். அவர் படம் இருக்கும். அவரோட அந்த அட்டையைத்தான் மெஷின்ல வைப்பேன். செவப்பு எரிஞ்சு அது கத்தும். பின்னாடி ஸ்பாஸ்கா நிப்பா, இந்த ஊரே வரிசையில நிக்கும்.”

அவர் சுத்தியலை எடுத்து வெலிசாரின் பக்கம் நகர்த்தினார். கிண்ணத்தில் பாதி வால்நட் உடைபடாமல் கிடந்தது.

“அப்ப அந்தச் சின்னக் கதவைத் திறந்து என்னை உள்ள விடு, வெலி.”